இரத்தம் முதலில் அவளுடையது, பழியும் முதலில் அவளுக்கு

ஒரு பெண் கர்ப்பமென்று தெரிந்து குடும்பநல உத்தியோகத்தரிடம் (ஊர்வாயில் இன்னும் ‘மிட்வைஃப்’தான்) பெயர் பதிந்தால், 12 கிழமைக்குள் அவளிடமிருந்து இரத்தம் எடுப்பார்கள். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி என்பவற்றோடு, பாலியல் நோயான சிபிலிசும் எச்.ஐ.வி.யும் அதில் பார்க்கப்படும். இந்த வேலையை நாடு முழுக்க ஒழுங்காகச் செய்ததால்தான் தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பெருமைப்படத்தக்க வேலைதான். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு ஒழுங்கைக்குள்ளும் தீவகத்துக்கும் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போய்வந்த பெண்களின் உழைப்பு அது.

அதற்கு யாரும் திட்டமிடாத ஒரு பக்கவிளைவு உண்டு. கணவனின் இரத்தத்தைப் பார்க்க ஒரு வழமையான சந்தர்ப்பமும் இல்லை. மனைவியுடையதைப் பார்க்க இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் தொற்று இருந்தால், அது முதலில் தெரியவருவது பெரும்பாலும் அவளுடைய தாளில். முதலில் தெரியவந்த ஆள்தான் முதலில் பெற்ற ஆள் என்று வீட்டார் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பரிசோதனைத் திகதிக்கும் தொற்றிய திகதிக்கும் சம்பந்தமே இல்லை. எச்.ஐ.வி. எந்த அறிகுறியும் காட்டாமல் எட்டு, பத்து வருடம் உடம்பில் இருக்கும். இரத்தப் பரிசோதனை ‘இருக்கிறது, இல்லை’ என்று மட்டுமே சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. கிளினிக்கில் வேலை செய்பவர்கள் வேறெதையும் சொல்லாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தைக் கணவனுக்கும் மாமியாருக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டால், பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும்.

இலங்கையில் வயதுவந்தோரிடையே எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் குறைவு. புதிதாகப் பதிவாகும் ஆட்களில் மிகப் பெரும்பான்மை ஆண்கள். வருடாந்தப் பதிவு அண்மையில் 600ஐத் தாண்டியிருக்கிறது. ‘அப்ப பெண்களைப் பற்றி ஏன் கதைக்கவேணும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. உலகளவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் அது இன்னும் அதிகம். இங்கே அப்படியில்லை. இங்கே பெண்களின் ஆபத்து எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது, வழியில்தான் தெரியும். ஆண்களுக்குப் பல வழிகளில் வருவது, பெண்களில் மிகப் பலருக்கு ஒரே வழியால், தாலி கட்டியவர் வழியாக வருகிறது. சென்னையில் ஒரு எச்.ஐ.வி. மையத்துக்கு வந்த 134 பெண்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று இருக்கிறது. அவர்களில் 81 சதவீதமானோர் இல்லத்தரசிகள், 88 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரே துணையோடு மட்டும் இருந்தவர்கள். ‘ஒழுக்கமாய் இருந்தால் வராது’ என்ற பழைய சுவரொட்டிப் பாடம் இவர்களுக்கு என்ன பதில் சொல்லும்? அவர்கள் ஒழுக்கமாய்த்தான் இருந்தார்கள்.

உடலின் பங்கையும் சொல்லவேண்டும், ஆனால் அளவோடு. துணைக்கு வைரசு இருந்து அவர் சிகிச்சை எடுக்கவில்லை என்றால், ஆணுறை இல்லாத யோனிவழி உடலுறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்கு ஏறத்தாழ 8. ஆணுக்கு ஏறத்தாழ 4. மென்சவ்வின் பரப்பு பெண்ணுக்குப் பெரிது, விந்து நெடுநேரம் உள்ளே தங்குகிறது, அதில் வைரசும் அதிகம். 10,000க்கு 8 என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கலியாணம் என்பது ஒரு தடவை அல்லவே. வருடம் 100 தடவை என்று கணக்குப் போட்டால், இப்படியான 100 மனைவிமாரில் ஏழெட்டுப் பேருக்கு முதல் வருடத்திலேயே தொற்றிவிடும். பத்து வருடத்தில் பாதிப்பேரைத் தாண்டிவிடும். கணவருக்கு அண்மையில்தான் தொற்றியிருந்தால், முதல் சில கிழமைகளில் இரத்தத்தில் வைரசு உச்சத்தில் நிற்பதால் இந்தக் கணக்கும் போதாது.

இதைக் கூட்டுகிற இன்னொன்று, கவனிக்காமல் விடப்பட்ட மற்றப் பாலியல் நோய்கள். கிளமீடியா வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. தெரிந்தாலும் ‘வெள்ளைபடுதல், சூடு’ என்று வெந்தயத் தண்ணியோடு போய்விடும். சிலர் டெற்றோல் கலந்து உள்ளே கழுவுவார்கள். அது மென்சவ்வை எரித்து, வைரசுக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை. நிறம் மாறிய, மணக்கிற, அரிக்கிற வெள்ளைபடுதலுக்குக் கிளினிக்கில் மருந்து உண்டு. பாலியல் தொடர்பால் வந்ததென்றால் கணவரும் அதே நேரத்தில் மருந்து எடுக்கவேண்டும், இருவரும் ஏழு நாள் உடலுறவைத் தவிர்க்கவேண்டும். நடைமுறையில் மனைவி மட்டும் குளிசையோடு வீடு திரும்புவாள். அவர் வரமாட்டார். ஒரு மாதத்தில் அவளுக்கு மறுபடி வரும். ‘மருந்து சரிவரேல்லை’ என்று மருந்துக்குப் பழி.

ஆணுறையைப் பற்றிக் கதைப்போம். கடையில் இருக்கிறது, குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கிறது, பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசம். கிடைக்காதது அல்ல சிக்கல். கலியாணமான பெண் ‘போடுங்கோ’ என்று சொன்னால் கணவன் காதில் அதற்கு இரண்டே அர்த்தம்தான் இங்கே: ஒன்றில் நீ என்னைச் சந்தேகிக்கிறாய், இல்லையென்றால் நான் உன்னைச் சந்தேகிக்கவேண்டும். ஆகவே குடும்பக் கட்டுப்பாட்டுச் சுமை முழுக்க அவள் உடம்பில் ஏறுகிறது. மூன்று மாத ஊசி, குளிசை, லூப், கைக்குள் வைக்கும் குச்சி, கடைசியில் கருத்தடை ஒப்பரேசன். இவை எல்லாமே பிள்ளையைத் தடுக்கும். வைரசை ஒன்றும் தடுக்காது. ஒப்பரேசன் செய்த பிறகு ஆணுறைக்கு இருந்த ஒரேயொரு மரியாதையான சாட்டும், ‘இப்ப பிள்ளை வேண்டாம்’ என்பது, போய்விடுகிறது. 32, 33 வயதில் ஒப்பரேசன் செய்துகொண்ட பெண்தான் பேச்சுவார்த்தை நடத்த எதுவுமே கையில் இல்லாதவள் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆலோசனை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

சந்தேகச் சண்டை இல்லாமல் ஆணுறையைக் கேட்க ஒரு வழி உண்டு. காரணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது. ‘இஞ்சாருங்கோ, ஊசி எனக்கு ஒத்துவரேல்லை, ஆறு மாதம் விடச் சொல்லி மிஸ் சொன்னவா.’ நேர்மையான தீர்வு இல்லைதான், ஆனால் அடி விழாத தீர்வு. உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரும் அதையே சொல்லுவார். கூடவே இரண்டு சிறு விஷயம்: தேங்காய் எண்ணெய், வசலீன் பூசினால் இறப்பர் உறை சில நிமிடத்தில் பலவீனமாகிக் கிழியும். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் பேர்சுக்குள்ளும் மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்ததும் கிழியும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் கணவன்மார் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. கட்டார், டுபாய் போனவரிடம் கேட்டால் ‘எனக்கு மெடிக்கல் பாஸ்’ என்பார். உண்மைதான். வளைகுடா நாடுகள் எச்.ஐ.வி. இருந்தால் வேலை விசா தராது. ஆனால் மெடிக்கல் பாஸ் என்பது அந்த இரத்தம் எடுத்த நாளுக்கு மட்டுமான சான்று. அதன் பிறகு நடந்த இரண்டு வருடத்தைப் பற்றி அது வாய் திறக்காது. இதில் ஒரு கொடுமையான நேரப்பொருத்தம் உண்டு: மனைவி முதல் மூன்று மாதத்தில் இரத்தம் கொடுத்து, இல்லை என்று வந்துவிட்டது. ஆறாம், ஏழாம் மாதத்தில் அவர் லீவில் வருகிறார். கர்ப்ப காலத்தில் அல்லது பால் கொடுக்கும் காலத்தில் புதிதாகத் தொற்றினால் தாயின் இரத்தத்தில் வைரசு உச்சத்தில் இருக்கும், பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். முதல் பரிசோதனைத் தாளைக் காட்டி ‘பார்த்தாச்சுதானே’ என்று யாரும் திரும்பப் பார்க்கமாட்டார்கள். அவர் லீவில் வந்துபோயிருந்தால், கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு தரம் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் மறுக்க ஒரு காரணமும் இல்லை.

போதையும் இப்போது சேர்ந்திருக்கிறது. அண்மைய வருடங்களில் இங்கே ஹெரோயினை ஊசியால் ஏற்றுவது தலைகாட்டியிருக்கிறது. ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் பாவித்தால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சி சி-யும் வேகமாகப் பரவும். அவர்களுக்கும் வீட்டில் மனைவிமார் இருக்கிறார்கள். ‘போதையை விடவைக்கக் கலியாணம் கட்டிவைப்பம்’ என்று செய்துவைக்கப்பட்ட கலியாணங்களும் இருக்கின்றன.

அதே மாதிரி இன்னொரு கட்டிவைப்பு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஒரு மகனுக்கு வீடு தரும் மருந்தும் கலியாணம்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு அவனை இன்னும் குற்றவாளி என்கிறது, ஊர் அதைவிடக் கடுமையாகச் சொல்கிறது. அவன் பரிசோதனைக்குப் போகமாட்டான். போனால் என்ன கேட்பார்களோ என்று பயம். அவனையும் நசுக்கி, ஒன்றும் தெரியாத ஒருத்தியையும் அதே வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறோம். அவனைக் குற்றம் சாட்டுவது சுலபம். இரண்டு பேரையும் ஒரே பொறியில் மாட்டியவர்கள் பந்தலில் முன்வரிசையில் இருந்தவர்கள்.

பொருத்தம் பார்க்கும் இடத்துக்கு வருவோம். சாதகம் வாங்கிச் செவ்வாய் பார்க்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், காணி உறுதியைப் பார்க்கிறோம். இரத்தம் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை கனடா என்றால் இன்னும் வேடிக்கை. குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள விண்ணப்பதாரிகளுக்குக் கனடா எச்.ஐ.வி. பார்க்கிறது, அவுஸ்திரேலியாவும் பார்க்கிறது. யாரைப் பார்க்கிறது? போகிற பெண்ணை. அங்கே 15 வருடமாக இருக்கிற, குடியுரிமை எடுத்த மாப்பிள்ளையை அந்த நடைமுறை தொடுவதே இல்லை. பெண்ணின் தூய்மைக்கு இரண்டு அரசாங்கம் கையெழுத்து வைக்கிறது, ஆணுடையதற்கு அவருடைய அம்மாவின் வாய்ச்சொல். (பிரித்தானியா குடிவரவுக்கு எச்.ஐ.வி. கேட்பதில்லை, காசநோய்தான் பார்க்கிறது.)

கேட்கும் விதம் இருக்கிறது. ‘எச்.ஐ.வி. பாருங்கோ’ என்று தனியாகக் கேட்டால் சம்பந்தம் முறியும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் இரத்த வகை, தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்), சீனி, ஈரல் அழற்சி பி, சிபிலிஸ், எச்.ஐ.வி. என்று ‘கலியாணத்துக்கு முந்தின செக்கப்’ ஆகக் கேட்டால் அவ்வளவாக உறுத்தாது. கலியாணத்துக்கு முன் தலசீமியா பார்ப்பதற்கு முன்னுதாரணம் உண்டு, ஆகவே அதை முன்னுக்கு வைத்துப் பேச்சைத் தொடங்குவது புத்தி. பெண்ணின் தகப்பனோ தாய்மாமனோ கேட்பதைவிட, பெண்ணும் பையனும் வட்ஸ்அப்பில் பேசத் தொடங்கிய பிறகு இருவரும் தாங்களே முடிவெடுப்பது சுமுகம். ஆண் மறுத்தால்? மறுப்பும் ஒரு தகவல்தான், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது அவள் கையில் விடப்படவேண்டும். விடுவார்களா என்பது வேறு கேள்வி.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில், எங்கள் பெரியாஸ்பத்திரியில், பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை. இலக்கம் போட்ட ஒரு அட்டை தருவார்கள், அழைப்பது அந்த இலக்கத்தால். தெரிந்தவர் யாராவது காணக்கூடும் என்று பயமென்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகலாம். ஊர் பார்த்து யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நடத்தும் ‘நோ ஃபோர் ஷுவர்’ என்ற இணையத்தளத்தில் நேரம் பதியவும் முடியும்.

காலக்கணக்கில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். தொற்றிய மறுநாள் எடுத்தால் ஒன்றும் தெரியாது. நாளத்தில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்கும் நாலாம் தலைமுறைப் பரிசோதனைக்கு 18இலிருந்து 45 நாள் வரை வேண்டும். விரல் நுனியில் குத்தும் விரைவுப் பரிசோதனைக்கும் வாய்நீரில் பார்க்கும் சுயபரிசோதனைக்கும் 90 நாள் வரை. இடையில் வந்த ‘இல்லை’ முடிவை நம்பி ஆணுறையை விடுவதுதான் வழமையான பிழை. அதேபோல் ஒரு ‘உண்டு’ முடிவை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. அது வேறு பரிசோதனையால் உறுதி செய்யப்பட வேண்டும். உறுதியாகும் முன்பே வீட்டில் சொல்லிவிட்டுப் பிறகு பிழையென்று வந்தால், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

உறுதியானால் என்ன? சிகிச்சை இலவசம். பெரும்பாலானோருக்கு டெனோபோவிர், லமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. ஒழுங்காக எடுத்தால் சில மாதங்களில் இரத்தத்தில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கும். அப்படி இறங்கி, அப்படியே நிற்கும்வரை உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ‘குறைவாகத் தொற்றும்’ அல்ல, தொற்றாது. இந்த ஒரு வசனம் இன்னும் எங்கள் ஊர் வந்து சேரவில்லை.

கர்ப்பிணிக்கு இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, கிளினிக்கிலேயே தவறவிடப்படுவது. கர்ப்ப காலத்தில் இரும்புச் சத்துக் குளிசையும் கல்சியமும் தருவார்கள். வெறும் வயிற்றில் அவற்றோடு சேர்த்து டொலுடெகிராவிர் போட்டால், அவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேராது. ஆகவே எச்.ஐ.வி. குளிசையை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்னர், அல்லது 6 மணித்தியாலம் பின்னர் எடுக்கவேண்டும். அல்லது இரண்டையும் சாப்பாட்டோடு ஒன்றாக எடுக்கலாம். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அன்ரசிட்டுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, அந்த இடைவெளி கட்டாயம். எங்களைக் கேட்டால் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு எச்.ஐ.வி. குளிசை, காலையில் இரும்பு என்று பிரித்துவிடுவது சிக்கலில்லாதது.

சிகிச்சை இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15இலிருந்து 45 சதவீதம். சரியான சிகிச்சையோடு 5 சதவீதத்துக்கும் கீழே, வைரசு அடங்கியிருந்தால் அதைவிட மிகக் குறைவு. பிறந்த பிள்ளைக்குச் சில கிழமைக்கு மருந்துப் பாணி கொடுப்பார்கள். பிள்ளையைச் சாதாரண விரைவுப் பரிசோதனையால் பார்த்துப் பயப்படக் கூடாது. தாயின் எதிர்ப்புடல்கள் 18 மாதம் வரை பிள்ளையின் இரத்தத்தில் நிற்கும், அதனால் தொற்றே இல்லாத பிள்ளைக்கும் ‘உண்டு’ என்று காட்டும். வைரசையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் அந்த வயதில் செல்லும்.

பால் விஷயம்தான் யாழ்ப்பாணத்து வீட்டில் பெரிய பொறி. எதை ஊட்டுவது என்பதை வைத்தியரோடு பிரசவத்துக்கு முன்னரே தீர்மானிக்கவேண்டும். வைத்தியர் பால்மா என்றால், துடக்குக்கு வந்திருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள்: ‘ஏன் பிள்ளை, பால் குடுக்கேல்லையோ?’ பதில் இல்லாத தாய் என்ன செய்கிறாள்? மாமி பார்க்கும்போது தாய்ப்பாலும், தனியே இருக்கும்போது புட்டிப்பாலும். இரண்டையும் கலப்பதுதான் ஆபத்தில் மோசமான வழி. பால்மா பிஞ்சுக் குடலை எரிச்சலாக்கும், கூடவே வரும் தாய்ப்பாலில் வைரசு இருந்தால் அது உள்ளே போக வாசல் கிடைக்கும். ஆகவே மருந்தோடு சேர்த்துப் பதிலையும் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொண்டு வரவேண்டும்: ‘நான் குடிக்கிற மருந்து பாலில போகுமாம் மாமி, டொக்டர் குடுக்கவேண்டாம் எண்டவர்.’ பொய்யில்லை. எந்த மருந்து என்று மாமி கேட்டால் சொல்ல ஒரு பெயரும் முன்கூட்டியே யோசித்து வைக்கவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது அதே பதிலைச் சொல்வது மிக முக்கியம். இரண்டு பேர் இரண்டு கதை சொன்னால் பிறகு ஒழுங்கை முழுக்கக் கதைதான்.

கணவனிடம் சொல்வது. சொல்லவேண்டும் என்று ஆலோசகர்கள் சுலபமாகச் சொல்லுவார்கள். 2019இல் நடந்த தேசிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் அந்தத் துணையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானவர்கள். ஐந்தில் ஒருத்தி. அவளைத் தனியே வீட்டுக்கு அனுப்பி ‘சொல்லிவிட்டு வா’ என்பது பொறுப்பல்ல. கிளினிக்கே இதைச் செய்ய முடியும்: ‘கர்ப்பிணியின்ர மனிசன்மாரும் ஒருக்கா இரத்தம் குடுக்கவேணும்’ என்று அவரைக் கூப்பிட்டு, அவருடைய பரிசோதனையை அவருக்கே முதலில் செய்து, இருவரையும் ஒன்றாக இருத்திச் சொல்லலாம். அப்போது ‘நீ கொண்டுவந்தாய்’ என்ற வசனத்துக்கு இடம் குறையும். அடிக்கிற ஆள் என்றால் அவள் முன்கூட்டியே அதை ஆலோசகரிடம் சொல்லிவிடவேண்டும், சொன்னால் அவசரப்படுத்தமாட்டார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? இலங்கையில் கணவன் மனைவியை வன்புணர்ந்தால், நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரிந்து வாழ்ந்தாலன்றி, அது வன்புணர்வுக் குற்றமல்ல. 363ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லச் சட்டம் இடம் தராத அறைக்குள் ஆணுறை பற்றி எப்படிப் பேரம் பேசுவது? ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதம் வரைக்குமான கட்டளையும் பெறலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938.

இன்னொரு சட்டம் எங்களுக்கே உரியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் வளவும் அவள் பெயரில்தான் இருக்கும். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, அந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால், அல்லது விட்டுவிட்டுப் போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். அது வழக்கு, செலவு, வருடம். சிகிச்சை இலவசம்தான், விலகி வாழ்வது இலவசமில்லை. வீட்டைவிட்டு வெளியேறி ஓர் அறை வாடகைக்கு எடுக்கத் தன் காணியில் இரண்டு பரப்பு விற்க முடியாத பெண்ணிடம், ஆபத்தான உறவிலிருந்து விலகச் சொல்வது அர்த்தமற்ற புத்திமதி.

கையில் காசில்லாமை வேறு வழியாலும் கடிக்கும். நுண்கடன் வசூலிப்பவர்கள் சிலர், கட்ட முடியாத பெண்களிடம் பாலியல் சலுகை கேட்டதை 2018இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணரும் சுட்டிக்காட்டினார். அந்த இடத்தில் ஆணுறையைப் பற்றி யார் கதைப்பது? மலாவியில் பள்ளி மாணவிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றில், 18 மாதத்தின் பின் காசு பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 3.0 சதவீதத்தினருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. விழிப்புணர்வுக் கூட்டம் வைத்துத் தேநீரும் பற்றிசும் கொடுத்து அனுப்புவதைவிட இது எங்களுக்கு நம்பிக்கையூட்டுகிறது.

வன்புணர்வு நடந்தால் மணித்தியாலக் கணக்கு. 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் முதல் சில மணித்தியாலத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்கவேண்டும். தொடர்ந்து 28 நாள். 72 தாண்டினால் பயனில்லை, பாதியில் விட்டாலும் பயனில்லை. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசரக் குளிசையும் அதே வேளையில். முதலில் பொலிஸுக்குப் போய்த்தான் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றில்லை, சிகிச்சை காத்திருக்கக் கூடாது. குளிக்காமல், உடுத்திருந்த உடுப்பைக் கடதாசிப் பையில் (பொலித்தீனில் ஈரம் பிடித்துப் பழுதாகும்) கொண்டுபோனால் சட்ட வைத்திய அதிகாரிக்கு உதவும். வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையம்’ இப்படி வருபவர்களுக்கானதுதான்.

யாரிடமும் கேட்காமல் பெண்ணே பாவிக்கக்கூடிய தடுப்பு முறைகள் உலகில் வந்துகொண்டிருக்கின்றன. யோனிக்குள் வைக்கும் டபிவிரின் வளையத்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் லெனகபவிர் ஊசியைத் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 2,134 இளம் பெண்கள் பெற்றார்கள். 2024இல் முடிவு வந்தபோது அவர்களில் ஒருவருக்கும் தொற்றியிருக்கவில்லை. மூன்று மாதக் கருத்தடை ஊசியை வீட்டில் சொல்லாமல் போட்டுவரும் பெண்களுக்கு இந்த ஆறு மாத ஊசியின் அருமையைத் தனியே விளக்கத் தேவையில்லை. இப்போதைக்கு இங்கே நாளுக்கொன்றாக எடுக்கும் முன்தடுப்புக் குளிசை உண்டு. கணவருக்குத் தொற்று இருந்து அவருடைய வைரசு இன்னும் அடங்காத பெண் அதைப் பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவில் கேட்கலாம்.

குளிசைப் போத்தலை ஒளிப்பது பற்றிக் கடைசியாக. 30 குளிசை உள்ள போத்தல் சட்டைப்பெட்டிக்குள் கிலுகிலுக்கும், லேபிள் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும். பலர் விற்றமின் போத்தலுக்கு மாற்றுகிறார்கள். மாற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் சேர்த்து மாற்றவேண்டும், மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். மாரி காலத்தில் கடதாசியில் சுற்றிய குளிசை ஈரத்தில் ஊதிப்போகும். கிலுங்காமல் இருக்க மேலே ஒரு துண்டு பஞ்சு. குசினியில், அடுப்புக்கு மேற்தட்டில் வைக்கக் கூடாது. வைரசு அடங்கியவர்கள் ஒரே தடவையில் மூன்று மாதத்துக்கான மருந்தைக் கேட்டுப் பார்க்கலாம், பெரியாஸ்பத்திரிப் பக்கம் அடிக்கடி ‘எங்க போட்டு வாறாய்?’ என்ற கேள்விக்குப் பதில் தேடத் தேவையில்லாமல் போகும். மருந்தெடுக்கப் போகும் நாளில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையையும் கேட்கவேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் வழமையாக 35 வயதில்தான் கூப்பிடுவார்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு, அதனால் 25 வயதிலிருந்தே பார்க்கத் தொடங்கவேண்டும்.